வீட்டுக் காப்பீடு: எந்தச் சேதத்துக்குப் பணம் வரும், எதற்கு வராது?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் கடந்த நான்காம் நாள். பள்ளிக்கரணையில் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில், துணி காயவேண்டிய கொடியில் காகிதங்கள் காய்ந்துகொண்டிருந்தன. கிரயப் பத்திரத்தின் நகல், பட்டா, சித்தியின் பள்ளிச் சான்றிதழ், எல்லாம் ஒவ்வொரு கிளிப்பில் தொங்கின. கீழ்த்தளச் சுவரில் இடுப்புயரத்துக்குச் சேற்றுக்கோடு. ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. சித்தப்பா மட்டும் கலங்கவில்லை. "இன்சூரன்ஸ் இருக்கிறதப்பா. வீட்டுக் கடன் வாங்கும்போதே வங்கியில் பிடித்துக்கொண்டார்கள்" என்று சொல்லி, கொடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். ஈரம் உலராத அந்தத் தாளைப் படித்து முடித்தபோது எனக்கு நா எழவில்லை. அது வீட்டுக்கான காப்பீடே இல்லை. கடன் முடிவதற்குள் அவர் இறந்துபோனால் மீதிக் கடனை அடைப்பதற்கான ஆயுள் காப்பீடு. ஒன்பது ஆண்டுகளாக, வீட்டுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டிவருகிறோம் என்று அவர் நம்பியிருந்தார்.

அதை அவரிடம் சொன்ன நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. இன்னொரு குடும்பத்துக்கு அப்படி ஒரு நிமிடம் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இந்தியாவில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கும் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்குமான வழிகாட்டி இது. உங்கள் பாலிசித் தாளையும் ஒரு பேனாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் படி: கையில் இருப்பது என்ன தாள்?

வீட்டுக் கடன் வாங்கியவர்களின் கோப்பில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று, கடன் பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் வருகிற ஆயுள் காப்பீடு. சித்தப்பாவிடம் இருந்தது அதுதான். வெள்ளம் வந்தால் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. மற்றொன்று, கட்டடத்துக்கான உண்மையான காப்பீடு. எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தாளில் 'காப்பீடு செய்யப்பட்டது' என்ற இடத்தில் உங்கள் பெயரும் வயதும் மட்டும் இருந்தால் அது ஆயுள் காப்பீடு. வீட்டின் கதவிலக்கமும் முகவரியும் கட்டடப் பரப்பும் இருந்தால் அது வீட்டுக் காப்பீடு.

கட்டடக் காப்பீடுதான் என்றால் அடுத்து இரண்டு விவரங்களைப் பாருங்கள். காப்பீட்டுத் தொகை கடன் தொகைக்குச் சமமாக மட்டும் இருக்கிறதா, அல்லது வீட்டைத் திரும்பக் கட்டும் செலவுக்கு ஈடாக இருக்கிறதா? வங்கிக்குத் தன் கடன் பத்திரமாக இருந்தால் போதும். உங்கள் கட்டிலும் பீரோவும் அதன் கவலை அல்ல. இரண்டாவது, வங்கியின் பெயர் பாலிசியில் இருக்கிறதா? இருந்தால் இழப்பீட்டில் முதல் உரிமை வங்கிக்குப் போகும். கடன் முடிந்ததும் அந்தப் பெயரை நீக்க எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்குக் காப்பீடு வேண்டும் என்று வங்கி கேட்கலாம். தான் சொல்கிற நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது.

2021 ஏப்ரல் 1 முதல், வீடுகளுக்கென ஒரே மாதிரியான விதிகள் கொண்ட 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பாலிசியைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்தது. எந்தப் பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். கீழே நான் சொல்வதெல்லாம் அந்தப் பாலிசியை வைத்தே. உங்கள் தாளில் வேறு பெயர் இருந்தால், இதே கேள்விகளை அந்த வாசகத்திடம் கேளுங்கள்.

இரண்டாம் படி: வீட்டின் விலையை மறந்துவிடுங்கள்

வேளச்சேரியில் 90 லட்சம் ரூபாய்க்கு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 90 லட்சத்துக்குக் காப்பீடு செய்ய வேண்டுமா? வேண்டாம். அந்த விலையில் பெரும்பங்கு நிலத்தின் மதிப்பு, அதாவது மொத்த மனையில் உங்களுக்குச் சேரும் பிரிக்கப்படாத பங்கின் மதிப்பு. நிலம் எரியாது, இடியாது. காப்பீடு அதைத் தொடாது. கணக்கில் வருவது, இடிந்தால் இன்றைய விலைவாசியில் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்பது மட்டும்தான்.

கணக்கு இப்படி: கார்ப்பெட் ஏரியா, அதாவது சுவர்களுக்குள் புழங்கும் பரப்பு, 800 சதுர அடி. கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று கொண்டால், 800 பெருக்கல் 2,500. இருபது லட்சம். உங்கள் பகுதியின் கட்டுமான விலையை ஒரு கொத்தனாரிடமோ பொறியாளரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வங்கி மதிப்பீட்டாளரின் அறிக்கையிலும் நிலம் வேறு, கட்டடம் வேறு என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள்.

இந்தக் கணக்கில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. சந்தை விலைக்கே காப்பீடு செய்து தேவையில்லாத பிரீமியம் கட்டுவது ஒன்று. அதைவிடக் கொடியது, பிரீமியத்தைக் குறைக்கப் பரப்பையோ விலையையோ குறைத்துச் சொல்வது. பழைய தீ விபத்துப் பாலிசிகளில் பாதி மதிப்புக்குக் காப்பீடு செய்திருந்தால் சேதத்திலும் பாதிதான் கிடைக்கும். புதிய பாலிசியில் அந்த வெட்டு இல்லை. விவரங்களைச் சரியாகத் தந்திருந்தால் காப்பீட்டுத் தொகை வரைக்கும் முழுச் சேதமும் கிடைக்கும். ஆனால் உண்மைக்கு மாறான விவரம் தந்தது தெரிந்தால் கோரிக்கையே ஆட்டம் கண்டுவிடும்.

'கட்டடம்' என்ற சொல்லுக்குள் பலர் நினைப்பதைவிட அதிகம் அடங்கும். சுற்றுச்சுவர், கேட், கார் நிறுத்துமிடம், திண்ணை, கழிவுநீர்த் தொட்டி, நிலையான தண்ணீர்த் தொட்டி, சூரியசக்தித் தகடுகள், சுவருக்குள் ஓடும் மின்கம்பி எல்லாம் அதில் வரும். இவற்றுக்கும் ஒரு தொகையைச் சேர்த்துச் சொல்லுங்கள். புயலில் முதலில் சாய்வது சுற்றுச்சுவர்தான்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். படிக்கட்டு, லிஃப்ட், மேல்தளம் போன்ற பொது இடங்களுக்குக் குடியிருப்போர் சங்கம் காப்பீடு எடுத்திருக்கிறதா? உங்கள் பாலிசி உங்கள் வீட்டுக்கு மட்டும்தான். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் எழுந்து இதைக் கேளுங்கள். பல சங்கங்களில் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

பத்து ஆண்டுகள் வரை ஒரே பாலிசியாக எடுக்கலாம். அப்படி எடுத்தால் கட்டுமான விலை ஏறுவதற்கு ஈடாக ஆண்டுக்கு 10 சதவீதம் காப்பீட்டுத் தொகை தானாகவே உயரும். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்துபோகிறவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. பிரீமியத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும்.

மூன்றாம் படி: எவை நடந்தால் பணம் வரும்?

பாலிசியின் உள்ளே ஒரு பட்டியல் இருக்கும். தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், சூறாவளி, சுனாமி, வெள்ளம், நிலச்சரிவு, பாறைச்சரிவு, காட்டுத்தீ, வெளிப்பொருள் வந்து மோதுவது, கலவரம், வேண்டுமென்றே பிறர் செய்யும் நாசம், பயங்கரவாதம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடிப்பது அல்லது நிரம்பி வழிவது. இவையே முக்கியமானவை.

தமிழ்நாட்டில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பட்டியல் வெறும் காகிதம் அல்ல. 2015 டிசம்பரில் அடையாற்றுக் கரையிலும் முடிச்சூரிலும் முதல் மாடி வரை நீர் ஏறியது வெள்ளம். 2018 நவம்பரில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறி ஓடுகளைப் பறக்கவிட்டது புயல். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடியும் ஸ்ரீவைகுண்டமும் தண்ணீரில் நின்றதும் வெள்ளமே. 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலையடிவாரத்தில் வீட்டை மூடியது நிலச்சரிவு. நான்குமே இந்தப் பட்டியலுக்குள் வருகின்றன.

'மோதுவது' என்ற சொல்லைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். லாரி பின்னால் வந்து சுற்றுச்சுவரை இடித்தால் அது இதில் வரும். பக்கத்து வீட்டுத் தென்னை உங்கள் கூரைமேல் விழுந்தாலும் வரும். வர்தா அடித்த 2016 டிசம்பர் 12 அன்று சென்னைத் தெருக்களில் விழுந்து கிடந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். விழுந்த மரத்துக்கு இழப்பீடு இல்லை. அது நொறுக்கிய ஓட்டுக்கும் கூரைச் சட்டத்துக்கும் உண்டு.

சமையல் எரிவாயு சிலிண்டர் வெடித்தால் அது 'வெடிப்பு' என்ற தலைப்பில் வரும். இதோடு தொடர்புடைய இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்காகத் தனியே ஒரு பொறுப்புக் காப்பீடு எடுத்துவைத்திருக்கின்றன. பதிவு செய்த முகவரியில் நடந்த விபத்தில் வீட்டுச் சேதத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரையும், உயிரிழப்புக்குத் தலா 6 லட்சமும் அதில் கிடைக்க வழியுண்டு. நீங்கள் பிரீமியம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. விபத்து நடந்ததும் எரிவாயு விநியோகஸ்தருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். வீடு மாறியபின் எரிவாயு இணைப்பின் முகவரியை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள்.

கட்டடச் சேதத்தோடு சேர்ந்து வேறு சில செலவுகளும் கிடைக்கும். இடிபாடுகளை அகற்ற இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரை. பொறியாளர், கட்டட வடிவமைப்பாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரை. வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால், சரிசெய்யும் வரை வெளியே தங்குகிற வாடகையும் உண்டு. வாடகைக்கு விட்ட வீடென்றால் உங்களுக்கு வராமல்போன வாடகை கிடைக்கும். வீடு குடியிருக்கத் தக்கதல்ல என்று ஒரு கட்டட வடிவமைப்பாளரிடமோ உள்ளாட்சி அலுவலகத்திலோ எழுத்துச் சான்று வாங்கிவைத்தால் இந்தக் கோரிக்கை நிற்கும்.

நான்காம் படி: எவற்றுக்கு வராது?

இதுதான் இந்த வழிகாட்டியின் இதயம். நிதானமாகப் படியுங்கள்.

சேதத்தைப் பார்த்து உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "இது என்றைக்கு நடந்தது?" தேதி சொல்ல முடிந்தால் அந்தக் கோரிக்கைக்குக் கால் ஊன்ற இடம் இருக்கிறது. "கொஞ்ச நாளாகவே இப்படித்தான்" என்று பதில் வந்தால் பெரும்பாலும் இல்லை. காப்பீடு என்பது ஒரு நிகழ்வுக்கு எதிரான பாதுகாப்பு. மெல்ல மெல்ல நடக்கும் தேய்மானம் வீட்டுக்காரரின் பராமரிப்பில் சேரும்.

இந்தக் கேள்வியை வைத்துப் பாருங்கள். மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் நேற்றிரவு வெடித்து உங்கள் கூரையை நனைத்தது என்றால் தேதி இருக்கிறது, பணம் வரும். அதே கூரையில் இரண்டு மழைக்காலமாக ஈரம் கசிந்து, சுண்ணாம்பு உரிந்து, பூஞ்சை படர்ந்தது என்றால் வராது. கரையான் அரித்த கதவுநிலைக்கு வராது. பழைய தளத்தில் விரிசல் விட்டு மழை சொட்டினால் அது புயல் சேதம் ஆகாது. புதுவீட்டில் கட்டடம் அமரும்போது விழுகிற இயல்பான விரிசல், நிரவிய மண் இறங்குவது, தரமற்ற பொருளாலும் வேலையாலும் வருகிற சரிவு ஆகியவையும் விலக்கு. அவற்றுக்குக் கட்டித்தந்தவரைத்தான் பிடிக்க வேண்டும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதுச்சேரிக்கு வடக்கே பொம்மையார்பாளையக் கரையில் கடல் அரித்து வீடுகள் சரிந்ததைப் பார்த்திருக்கிறோம். சுனாமி பட்டியலில் இருக்கிறது. ஆனால் கடலோ ஆறோ கரையை அரித்து அதனால் நிலம் உள்வாங்குவது விலக்கு. நிலம் ஒன்றுதான், காரணம் வேறு, முடிவும் வேறு.

தேதி தெரிந்தாலும் பணம் வராத இடங்களும் உண்டு. அவற்றைத் தனியே மனத்தில் வைக்க வேண்டும்.

பக்கத்து மனையில் அடித்தளத்துக்குக் குழி தோண்ட, உங்கள் சுவர் சரிகிறது. தோண்டுவதால் நிலம் அமிழ்ந்து வரும் சேதம் விலக்குகளில் இருக்கிறது. பக்கத்து மனைக்காரரிடமும் அவருடைய ஒப்பந்ததாரரிடமும்தான் ஈடு கேட்க வேண்டியிருக்கும். எனவே அங்கே பொக்லைன் வந்து நின்ற அன்றே உங்கள் சுவர்களைப் படம் எடுத்து, தேதியோடு ஒரு கடிதம் கொடுத்துவையுங்கள்.

ஃபிரிட்ஜில் மின்கசிவு. அதனால் தீப்பிடித்து அடுக்களை எரிந்தது. அடுக்களைக்குப் பணம் உண்டு. ஆனால் மின்கசிவு தொடங்கிய அந்த ஃபிரிட்ஜுக்கு மட்டும் கிடையாது. அதிக மின்னழுத்தத்தால் ஏசி கருகிப்போனாலும் அப்படித்தான். மின்னல் வழியாக வந்த மின்னழுத்தத்தால் தொலைக்காட்சி கருகினாலும் இதே விலக்கு பொருந்தும். 'மின்னல்' பட்டியலில் இருக்கிறதே என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். இதற்கு மின்சாதனப் பழுதுக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மாடியில் புது அறை கட்டினீர்கள். பாலிசி தொடங்கியபோது இருந்த பரப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டால், நிறுவனத்துக்குச் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டி, பாலிசியில் சேர்த்தால்தான் அந்தப் பகுதிக்குப் பாதுகாப்பு. 800 சதுர அடியில் 80 சதுர அடி என்பது ஒரு சிறிய பூஜை அறையும் நடையும்தான்.

ரொக்கப் பணம், காசோலை, பத்திரங்கள், கையெழுத்துப் படிகள், தங்கக் கட்டி, பதிக்காத கற்கள், வாகனம் ஆகியவற்றுக்கும் கிடையாது. வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு அதன் சொந்த வாகனக் காப்பீட்டில்தான் கேட்க வேண்டும். "எங்கே போனது என்றே தெரியவில்லை" என்கிற பொருளுக்கும் கிடையாது. வீட்டிலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுபோன பொருளுக்கும் கிடையாது. போர், அணுக்கதிர், வேண்டுமென்றே நீங்களே செய்த சேதம் ஆகியவற்றுக்கும் இல்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

ஐந்தாம் படி: திருட்டு, எல்லோரும் தவறாக நினைக்கும் இடம்

வீட்டுக் காப்பீடு என்றதும் நம் மனத்தில் முதலில் வருவது திருட்டுதான். ஆனால் அடிப்படைப் பாலிசியில் திருட்டுக்கு மிகக் குறுகிய இடமே உண்டு. பட்டியலில் உள்ள ஒரு நிகழ்வு நடந்து, அதன் விளைவாக, ஏழு நாட்களுக்குள் திருட்டுப் போனால் மட்டுமே. வெள்ளத்துக்குப் பயந்து உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, உடைந்த கதவு வழியாக மிக்சியைத் தூக்கிப்போனால் இதில் வரும். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பூட்டை உடைத்தால் வராது.

அதற்குத் தனியே, பூட்டை உடைத்துத் திருடுவதற்கு எதிரான கன்னக்களவுக் காப்பீடு வேண்டும். அல்லது தீ, திருட்டு, நகை, மின்சாதனப் பழுது எல்லாம் சேர்ந்த இல்லத் தொகுப்புப் பாலிசியை வாங்க வேண்டும். அங்கேயும் வாசகத்தைப் படியுங்கள். பூட்டை உடைத்த, ஜன்னல் கம்பியை வளைத்த தடயம் இருக்க வேண்டும் என்றே பெரும்பாலான பாலிசிகள் கேட்கும். வீட்டு வேலையாட்கள் எடுத்ததற்குப் பல பாலிசிகள் பணம் தராது. காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையும், பின்னர் பொருள் கண்டுபிடிக்கப்படவில்லை என்ற சான்றும் கட்டாயம். வீடு ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கப்போகிறது என்றால் கிளம்பும் முன் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பாதுகாப்பு தொடருமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பேரக்குழந்தையைப் பார்க்க ஆறு மாதம் வெளிநாடு போகும் பெற்றோர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

ஆறாம் படி: வீட்டுக்குள் இருக்கும் பொருட்கள்

கட்டடத்துக்கு எடுக்கும் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே பாதுகாப்பு கிடைக்கும். 20 லட்சத்துக்குக் கட்டடக் காப்பீடு என்றால் பொருட்களுக்கு 4 லட்சம். கட்டில், பீரோ, துணிமணி, அடுக்களைச் சாமான், மின்சாதனம் எல்லாவற்றுக்கும் அது போதுமா என்று ஒருமுறை உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். போதாது என்றால் பட்டியல் கொடுத்து அதிகரிக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டுப் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். வீட்டுக்காரரின் பாலிசி உங்கள் புத்தகங்களுக்கும் மடிக்கணினிக்கும் உதவாது.

நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம் போன்ற விலையுயர்ந்தவை இந்த 20 சதவீதத்துக்குள் வராது. அவற்றுக்குத் தனியே விருப்பப் பாதுகாப்பு எடுக்க வேண்டும். முன்கூட்டியே மதிப்பை ஒத்துக்கொண்டு எழுதிக்கொள்வார்கள். மதிப்பீட்டாளரின் சான்றும் வாங்கிய ரசீதும் இருந்தால் சேதத்தின்போது வாக்குவாதம் குறையும். இதே பாலிசியில், வீட்டைச் சேதப்படுத்திய அதே நிகழ்வில் நீங்களோ துணைவரோ இறந்தால் தலா 5 லட்சம் ரூபாய் தரும் விருப்பப் பாதுகாப்பும் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செல்பேசியில் வீடியோ எடுங்கள். அறை அறையாகப் போய், பீரோக் கதவைத் திறந்து, ஃபிரிட்ஜின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைக் காட்டி, "இது இரண்டு வருடத்துக்கு முன் வாங்கியது" என்று வாயால் சொல்லிக்கொண்டே எடுங்கள். பத்து நிமிட வேலை. அதை வெளியூரில் இருக்கும் மகளுக்கோ தம்பிக்கோ அனுப்பிவிடுங்கள். பாலிசியின் நகலையும் அப்படியே. சித்தப்பாவிடம் ஃபிரிட்ஜ் வாங்கிய ரசீது இருந்தது. தண்ணீரில் ஊறி எழுத்தெல்லாம் நீலமாகக் கரைந்து, கடையின் பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை.

ஏழாம் படி: சேதம் நடந்த பிறகு

முதலில் உயிர். மின்இணைப்பை அணையுங்கள், எரிவாயுவை மூடுங்கள், நீர் வடியும் வரை உள்ளே போகாதீர்கள். அதற்குப் பிறகுதான் மற்றவை.

நம் வீடுகளில் பெண்கள் முதலில் செய்வது, துடைப்பத்தை எடுத்துச் சேற்றைத் தள்ளுவது. வீடு அப்படிக் கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்காது, அது இயல்பு. ஆனால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றும் முன் படம் எடுத்துவிடுங்கள். சுவரில் நீர் ஏறிய கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு எடுத்த படம் நூறு விளக்கங்களுக்குச் சமம். நனைந்த மெத்தையையும் கெட்டுப்போன சாதனங்களையும், சேதத்தை மதிப்பிட நிறுவனம் நியமிக்கும் சர்வேயர் பார்க்கும் வரை பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். நாற்றமெடுத்து வெளியே போட்டே ஆகவேண்டும் என்றால், படம் எடுத்து, நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் சொல்லிவிட்டுப் போடுங்கள். சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் கடமைதான். பிய்ந்த கூரைக்குத் தார்ப்பாய் போடலாம், போட்ட செலவுக்கு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தொலைபேசியில் சொன்னாலும் மின்னஞ்சலும் அனுப்பி, கோரிக்கை எண்ணை வாங்குங்கள். 2024ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை ஆணையச் சுற்றறிக்கைப்படி, தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டு பேசினால் எதிர்ப்பக்கத்தின் குரலே மாறும்.

சர்வேயர் வரும் நாளில் நீங்களே வீட்டில் இருங்கள். அவரோடு அறை அறையாக நடங்கள். அவர் குறிக்கும் பட்டியலைப் பாருங்கள். விட்டுப்போனதை அங்கேயே சொல்லுங்கள். அன்று மாலையே, "இன்று நீங்கள் பார்த்தவை இவை" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பழுதுபார்க்க இரண்டு இடத்தில் மதிப்பீடு வாங்குங்கள். கொத்தனார் வெறும் தாளில் எழுதிக்கொடுத்தால் அவருடைய பெயர், கையெழுத்து, தேதி, ஒவ்வொரு வேலைக்குமான தொகை அதில் இருக்கட்டும். சேதத்தைக் கூட்டிச் சொல்லும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். பழைய கரையான் கதவை வெள்ளத்தின் தலையில் போட்டால், வெள்ளம் கெடுத்த நல்ல கதவின் மீதும் சந்தேகம் விழும்.

மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். பாலிசியின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 'பீமா பரோசா' இணையதளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிப்பார்கள். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம், உங்கள் தாள்களோடு நீங்களே போய்ப் பேசலாம். நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்தே இருக்கிறது.

குறைதீர்ப்பாளரிடம் போக ஓராண்டு காலம் உண்டு. நிறுவனம் மறுத்து அனுப்பிய தேதியிலிருந்து அது ஓடத் தொடங்கும். ஆகையால் மறுப்புக் கடிதம் வந்தால் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். அது வந்த உறையையும் சேர்த்து, தபால் முத்திரை தெரியும்படி, தண்ணீர் எட்டாத மேல்தட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துவிடுங்கள்.